இதில கோப்பி எங்க?

போர்நிறுத்தத்தில் ஏ-ஒன்பது வீதி திறந்த மறுவருஷம், அண்ணன் வினோதனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு என்று ராஜினி லண்டனிலிருந்து நெடுங்கேணிக்கு வந்தாள். பெட்டியில் பாதி, அவள் வேலைசெய்த பெரிய கோப்பிக் கம்பனியின் கரமல் சீனிப்பாணிப் போத்தல்கள்.

வந்த கையோடு குசினிக்குள் புகுந்து, பாலை நுரைக்க அடித்து, பாணியைத் தாராளமாக ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தாள். மரியாதைக்குக் குடித்தார்கள். அண்ணி கமலாட்சி மட்டும் ஒரு மிடறோடு கோப்பையை வைத்துவிட்டாள்.

“பாயாசம் நல்லாயிருக்கு மச்சாள். இதில கோப்பி எங்க?”

ராஜினிக்கு முகம் சுண்டிப்போனது. லண்டனில் இதற்குச் சனம் வரிசையில் நிற்கிறது என்றாள். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் பெரிய கோப்பை வேண்டுமா, மேலே கிறீம் போடவா என்று கேட்டே ஆகவேண்டும் என்பது மனேச்சரின் கட்டளை. அதை அவள் சொல்லவில்லை. வேலையாட்களுக்கு அந்தக் கோப்பி இலவசம். சாப்பிட நேரம் கிடைக்காத நாட்களில் அதுவே அவளுக்குச் சாப்பாடு.

அடுத்த கிழமை நடக்கவிருந்த சடங்கு வேலைக்குக் கைகொடுக்க வந்திருந்தாள் பக்கத்துக் கடைக்காரி பாத்தும்மா. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் ராஜினியின் தாகம் அடங்காததையும், அடிக்கடி அவள் கொல்லைப்பக்கம் போய்வருவதையும் கவனித்துத் தனியே கூப்பிட்டாள்.

“கோவிக்காதேங்கோ தங்கச்சி. எனக்கும் சீனி வருத்தம் இப்பிடித்தான் துவங்கினது. நாளைக்கு இவர் சாமான் எடுக்க வவுனியா போறார். நீங்களும் வாங்கோ, ஆஸ்பத்திரியில காட்டுவம்.”

வெயில் பழக்கமில்லை, அவ்வளவுதான் என்று ராஜினி மறுத்தாள். விடிந்ததும் பாத்தும்மாவின் கணவர் மஹ்றூபின் வான் வாசல் படலையடியில் நின்றது; உள்ளே பாத்தும்மாவும் இருந்தாள். ஏறாமல் இருக்க ராஜினிக்கு வெட்கமாயிருந்தது.

ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடி வரிசையில் அவளுக்குக் கண் இருண்டது. பாத்தும்மாவின் தோளில் சரிந்தாள். மஹ்றூப் ஓடித்திரிந்து, ஆளாளாய்க் கெஞ்சி, வானை முன்னுக்கு விடுவித்தார்.

ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பில் சீனி எல்லை மீறிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆள் தப்பியிராது என்றார் டொக்டர். அவள் தன் சாப்பாட்டைச் சொன்னதும், அந்தக் கோப்பி ஒரு கோப்பையில் எவ்வளவு சீனி என்று அவர் கேட்க, நாள்முழுக்க அதைக் கலந்து கொடுத்தவளுக்குப் பதில் தெரியவில்லை. பின்னேரங்களில் லண்டன் கடைக்கு வரும் பள்ளிப் பெண்ணொருத்தி நினைவுக்கு வந்தாள். சின்னக் கோப்பை கேட்டவளைப் பெரியதற்குப் பழக்கியது ராஜினிதான். அழுகை வந்தது.

பாத்தும்மா தன் கடையைப் பூட்டியபடியே விட்டுக் கட்டிலோரம் தங்கினாள். வீடு திரும்பும் நாளில், வவுனியாவிலிருந்த தன் தம்பி வீட்டில் சீனி போடாத இஞ்சிக் கோப்பி ஊற்றிக் கொண்டுவந்தாள்.

“நீங்கள் இல்லாட்டி நான் போய்ச் சேர்ந்திருப்பன் அக்கா.”

“அல்லாஹ் காட்டினான், நான் கண்டன். ஆற முதல் குடியுங்கோ.”

கைத்தது. மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

லண்டன் திரும்பியபின் அவள் யாரிடமும் கிறீம் போடவா என்று கேட்கவில்லை. மனேச்சர் எச்சரித்தார். வேலையை விட்டு, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள். நெடுங்கேணியில் போன் வசதியில்லாததால், பெருநாள் வந்தால் பாத்தும்மா வவுனியாவுக்குப் போய்த் தம்பி வீட்டில் ராஜினியின் போனுக்குக் காத்திருப்பாள். நன்றி சொல்ல வாயெடுத்தால் விடமாட்டாள்; சாப்பிட்டாயிற்றா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.