மாட்யூல் சூடாகும் வரை

1

இந்தக் கதை ஒரு பச்சைப் பொய்யில் தொடங்கியது. முதல் வரைவில், "வண்டியில ஒண்ணுமில்ல, ஓட்டுற கைதான் சரியில்ல" என்று மெக்கானிக் என் மனைவியிடம் சொல்வதாக எழுதியிருந்தேன். சொன்னது மெக்கானிக் இல்லை. நான்தான்.

[ஆளை மாற்றினால் கதை நன்றாகத்தான் வருகிறது. தொழில் தெரிந்தவன் நான்.]

2

எங்கள் பழைய கார் அரை மணி நேரம் ஓடினால் நடுரோட்டில் நின்றுவிடும். பட்டறைக்கு இழுத்துப் போவதற்குள் ஆறி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆகும். மூன்றாம் முறை நின்றபோதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். அதன்பின் இரண்டு மாதம் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள், கையில் காரின் மேனுவலோடு.

3

இனி கொஞ்சம் பாடம். தாண்டிப் போகிறவர்கள் போகலாம், ஆனால் முடிவு புரியாது.

பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் காயில் என்ற கம்பிச் சுருளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சரியான நொடியில் அதைத் துண்டித்தால் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி பிளக்கில் தட்டும். அந்தக் காலத்தில் துண்டிக்கிற வேலையை உரசித் தேயும் இரண்டு உலோக முனைகள் செய்தன. இப்போது மாட்யூல் என்ற சின்னப் பெட்டி செய்கிறது. தேயாது. ஆனால் பழுதானால், சூட்டில் மட்டும் வேலையை நிறுத்திவிடும்.

[இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.]

4

அன்று மழை பெய்துகொண்டி— இல்லை, சுள்ளென்று வெயில். தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பட்டறைக்கு வந்தாள். கார் ஓட்டியது நான்.

"என்ன மேடம், இங்க வந்து தலை காயவைக்கப் போறீங்களா?" என்றார் மெக்கானிக்.

"இஞ்சின ஓடவிட்டு, அந்தப் பெட்டிமேல இதைப் பிடிங்க. சூடானாத்தான் நிக்குதுன்னு மூணு தடவையும் சொன்னேன். யாரும் காதுலயே வாங்கல."

நான்கு நிமிடம் பிடித்தார். இஞ்சின் பொசுக்கென்று நின்றது. பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்த்தார். பொறியே இல்லை.

"மேடம் சொன்னதுதான் சரி சார்," என்றார், என்னைப் பார்த்து. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் சிரிக்கிறாள். மற்றதில் சிரிக்கவில்லை. இரண்டையும் அவளிடமே படித்துக் காட்டினேன்.

"கதையில கேட்டுட்டீங்க. வீட்டுல எப்போ?" என்றாள்.

புது மாட்யூல் போட்டாயிற்று. சாவி இன்னும் அதே மேசையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வாசலில் அவள் பஸ்ஸுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டில் எது பிடிக்கிறதோ நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்