புகைக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று

அன்று காலை விடுதிச் சமையலறையில் இருந்தவர்கள்: தீயணைப்புத் துறை ஆய்வாளர், மேனேஜர், அவர் மனைவி, அவள் தம்பியான சமையல்காரன், ஏணியைப் பிடித்தபடி நான். இரவுக் காவல் முடிந்து படுக்கப் போனவனை இழுத்து வந்திருந்தார்கள்.

எண்ணெய் காய்ந்தாலே சமையலறை அலாரம் ஊரைக் கூட்டியது. வெட்டியாக ஓடிவந்து தீயணைப்பு வண்டிக்கே சலித்துவிட்டது. இன்றும் கத்தினால் சமையலறைக்குச் சீல் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். சீல் வைத்தால் சமையல்காரனுக்குப் பிழைப்பு போச்சு.

அவன் காய்ந்த சட்டியில் மிளகாயைக் கொட்டினான். எல்லோரும் இருமினோம். கூரை மட்டும் இருமவில்லை.

"பாத்தீங்களா சார்? பரம சாது!"

ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். "போன தடவை இங்க இருந்தது புகைக்கானது. உள்ள ஒரு வெளிச்சம் ஓடும். புகை நுழைஞ்சு அதைச் சிதறடிச்சா கத்தும். இது சூட்டுக்கானது. புகைக்கெல்லாம் அசையாது, கூரை கொதிச்சாத்தான் கத்தும். சமையலறைக்கு இதுதான் சரி. ஆனா யாரைக் கேட்டு மாத்தினே?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு சார். காலைல திருகிக் கழட்டி, அங்க உள்ளதை இங்க, இங்க உள்ளதை அங்க..."

"இது சூட்டுக்கானதுன்னு தெரியுமா?"

"தெரியாது சார். வாயத் திறக்காதுன்னு தெரியும்."

"எப்படி?"

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கண்ணாலேயே அவன் காலில் விழுந்தார்.

"சொல்லலைன்னா சீல் வச்சிட்டுப் போறேன்."

"அத்தானோட ஆபீஸ் ரூம்ல இருந்தது சார். முன்னாடி அது இஸ்திரி போடற ரூம். அவரு கதவைச் சாத்திக்கிட்டு தினம் ஒரு பாக்கெட் ஊதித் தள்ளுவாரு. ஒருநாள்கூட இது கத்தினதில்ல."

"கொசுவத்தி நாத்தம்னு சொன்னீங்களே!" என்றாள் மனைவி.

மேனேஜர் கொசு ஒன்றைத் தேடுவதுபோல் சுவரைப் பார்த்தார்.

"சமையலறை ஓடட்டும்," என்றார் ஆய்வாளர். "ஆபீசுக்குப் புகைக்கானதுதான் சரி. குருட்டாம்போக்குல ரெண்டையும் சரியா மாட்டியிருக்கான்."

சமையல்காரன் சட்டியைக் கட்டிப்பிடிக்காத குறை. சுட்டிருக்கும்.

மனைவி மேனேஜரின் சட்டையைப் பிடித்து ஆபீஸ் வரை தள்ளிக்கொண்டு போனாள். "இப்ப ஊதுங்க. அது கத்தினா ஓடி வரேன்."

"ஏய், விளையாடாதே. அவசரமா ஒண்ணுக்கு வந்தா?"

"அதுக்குக் கத்தாது."

அவரை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.