ஐஸ் பெட்டித் தண்ணி

என் தம்பியைப் பட்டறையில எல்லாரும் ஸ்பேனர்னுதான் கூப்பிடுவாங்க. அடுத்தவன் வண்டின்னா சோறு தண்ணி இல்லாம குனிஞ்சு கிடப்பான். தன் வண்டின்னா நாளைக்குப் பாத்துக்கலாம்பான். ஒரு ஃபோர் வீல் ஜீப் வச்சிருக்கானே, அது வண்டியே இல்ல, உதிரிபாகக் கடை. எவன் வண்டிக்கு எது இல்லையோ அதை இதுலருந்து கழட்டி மாட்டி அனுப்பிருவான். ஏன்டா இப்படிப் பண்றேன்னு கேட்டா, அவங்க காத்துக்கிட்டு இருக்காங்கக்கா, நம்ம வண்டி எங்க போகப் போகுதும்பான். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது.

அந்த வண்டியிலதான் என் வீட்டுக்காரரை ஏத்தினேன். அவருக்கு அச்சகத்துல காகிதம் வெட்டுற மெஷின்ல வேலை, பதினெட்டு வருஷமா. அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு பிளேடு இறங்கினப்போ வலது கை உள்ள இருந்துச்சு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூணும் போச்சு. பக்கத்து கிளினிக் டாக்டர் நல்ல மனுஷன். கையைக் கட்டி, ஊசி போட்டு, விரல் மூணையும் ஈரத்துணியில சுத்திப் பையில போட்டு இறுக்கிக் கட்டி, ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு என் மடியில குடுத்தார். சுத்தமா வெட்டுப்பட்டிருக்கு, ஒட்ட வைக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன், நாலு மணிக்குள்ள போயிருங்கன்னார். ஐஸ் மட்டும் தீரவே கூடாது, தீந்துட்டா எப்போ கெடும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னும் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. அதுக்குள்ள தம்பி ஜீப்போட வந்து நின்னான். தார் ரோட்டுல சுத்திப் போனா நாலு மணி நேரம். காஞ்ச ஆத்துல இறங்கிக் கரட்டு மேட்டுல ஏறிக் குறுக்கால போனா ரெண்டரை. நாலு சக்கரமும் இழுக்குற வண்டிக்கு மணல் என்ன மேடு என்னன்னான். அப்போ மணி பதினொண்ணு. தார் ரோட்டுல போயிருந்தாலே மூணு மணிக்குச் சேர்ந்திருப்போம். ஆனா புருஷன் பல்லைக் கடிச்சுக்கிட்டு முனகுறப்போ யாருக்கு இந்தக் கணக்கெல்லாம் வரும்? சரி, குறுக்காலயே போன்னு சொன்னது நான்தான், மறைக்கல.

மணல்ல வண்டி சின்ன கியர்ல ஊர்ந்துச்சு. இன்ஜின் கத்துது, வேகம் இல்ல, வேகம் இல்லாததால ரேடியேட்டருக்குக் காத்தும் இல்ல. சூடு காட்டுற முள்ளு சிவப்புக்கு ஏறுறதப் பாத்துட்டு என்னடா இதுன்னு கேட்டேன். அது அப்படித்தான் காட்டும்னான். மேட்டுல பாதி ஏறியிருப்போம், டப்புனு ஒரு சத்தம், முன்னாடி கண்ணாடி முழுக்க ஆவி. வண்டியை அணைச்சுட்டு இறங்கினான். ரேடியேட்டருக்குக் கீழ இருக்குற ரப்பர் குழாய் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சு தொங்குச்சு. இருந்த தண்ணியெல்லாம் மண்ணு குடிச்சிருச்சு.

குனிஞ்சவன் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. போன வாரம் இந்த வண்டிக்குன்னு ஒரு குழாய் வாங்கினியே, எங்கடான்னேன். ஒரு வாத்தியார் வண்டிக்கு மாட்டிட்டேன்க்கா, அவர் அவசரம்னார்ன்னான். பின்னாடி ரெண்டு கேன் தண்ணி எப்பவும் இருக்குமே, அது? காலையில எவனோ ஒருத்தனோட இன்ஜினைக் கழுவிக் குடுத்தானாம், திரும்பப் பிடிக்க மறந்துட்டானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நாக்கைப் பிடுங்கிக்குற மாதிரி கேட்டேன். போன்ல சிக்னலும் இல்ல. கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு ஈ காக்கா கிடையாது.

வேலைன்னு இறங்கிட்டா அவனைக் குறை சொல்ல முடியாது. சீட்டுக்கு அடியிலருந்து ஒரு பழைய டியூபை எடுத்து நீள நீளமா வெட்டினான். இன்ஜின் கொதிச்சுக்கிட்டு இருக்கு, ஆறுற வரைக்கும் அவனுக்குப் பொறுக்கல. கை வேக வேக, கிழிசல் மேல அதை இழுத்து இழுத்து நாலு சுத்துச் சுத்திக் கம்பியால முறுக்கினான். ரேடியேட்டர் மூடியை முழுசா இறுக்காம விட்டா உள்ள அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கிரும்னான். மணி ஒண்ணு. கட்டு நின்னுச்சு. ஊத்தத் தண்ணிதான் இல்ல.

குடிக்க வச்சிருந்தது ஒரு பாட்டில், அதை ஊத்தினான். அப்புறம் கேனைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி போனான். எதுக்குன்னு முதல்ல புரியல. வந்து மாமா நீங்களும்னு தலையைச் சொறிஞ்சான். வீட்டுக்காரர் அந்த வலியிலயும் சிரிச்சுட்டார். ஒத்தைக் கையால அவரால முடியல, நான்தான் கூட நின்னேன். அப்புறம் நானும் போனேன். வெட்கத்துக்கெல்லாம் அங்க ஏது இடம். எல்லாம் சேர்த்து ரெண்டரை லிட்டர் தேறுச்சு. இன்னும் நாலு லிட்டராவது வேணும்.

அவன் பார்வை என் மடிக்கு வந்துச்சு.

"அக்கா, பெட்டிக்குள்ள எவ்வளவு இருக்கும்?"

"வாயை மூடுடா."

மூடிக்கிட்டான். ஆனா நான் கேக்காமயே என் மண்டைக்குள்ள எல்லாம் ஓடுச்சு. தார் ரோடு பன்னண்டு கிலோமீட்டர். இந்த வெயில்ல அவன் நடந்து போய் வேற வண்டி பிடிச்சு வரணும்னா நாலஞ்சு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அந்த ஐஸ் மட்டும் இருக்குமா என்ன? பெட்டியைத் திறந்து பாத்தேன். பாதி உருகித் தண்ணியாயிருந்துச்சு. அதுக்குள்ள அந்தப் பை மிதக்குது. கல்யாணத்தன்னைக்கு என் கையைப் பிடிச்ச விரல் அது.

வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமயே பேசினார்.

"ஊத்து. இங்கயே வச்சுக் காவல் காத்து என்ன பண்ணப் போறோம்?"

பையை வெளிய எடுத்துக்கிட்டேன். தம்பி இன்ஜினை ஓட விட்டு, ஒரேயடியா ஊத்தினா சூட்டுல இன்ஜின் வெடிச்சிரும், கொஞ்சம் கொஞ்சமா ஊத்துக்கான்னான். என் கையாலதான் ஊத்தினேன். மிச்சம் இருந்த ஐஸைச் சட்டையில சுத்தி நொறுக்கி, அதையும் கரைச்சுப் போட்டோம். பைக்கு ஒரு பிடி ஐஸ் வச்சேன், அது பத்து நிமிஷம்கூட நிக்கல.

அப்புறம்தான் கொடுமை. இன்ஜின் சூட்டை வெளிய இழுக்கணும்னா வண்டிக்குள்ள ஹீட்டரை முழுசா வைக்கணும்னான். உச்சி வெயில், உள்ள நெருப்பா அடிக்குது. பையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். வெளியவும் அனல் காத்துதான். கை மரத்துப்போச்சு, மாத்திப் பிடிச்சேன். வேகமா போடான்னும் சொல்ல முடியல, போனா கட்டு பிச்சுக்கும். சாமியெல்லாம் கும்பிட்டேன், நடுநடுவுல அவனையும் திட்டினேன்.

தார் ரோட்டுக்கு வந்ததும் பெட்ரோல் பங்க்ல தண்ணி கிடைச்சுது, ஐஸ் இல்ல. இன்னும் இருபது நிமிஷம் கழிச்சு ஒரு ஜூஸ் கடையில அள்ளிக் குடுத்தாங்க. காசு குடுத்தேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்குறப்போ மணி மூணே முக்கால். உள்ள கொண்டுபோய் ஆறு மணி நேரம் ஆபரேஷன் பண்ணாங்க.

கட்டை விரல் பிடிச்சுக்கிச்சு. மத்த ரெண்டும் கறுத்துப்போய், அஞ்சாம் நாள் எடுத்துட்டாங்க.

அன்னைக்கு டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டார். நடுவுல ஐஸ் இல்லாம எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேலன்னு சொன்னேன். வந்த நேரம் சரியாத்தான்மா இருந்துச்சு, அந்த ஒரு மணி நேரம்தான் கெடுத்திருச்சுன்னார். ஊத்தின கையை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

வெளிய வந்தா தம்பி சுவரோரமா நிக்கிறான். ரெண்டு கையும் வெந்து, களிம்பு பூசிக் கட்டுப் போட்டிருந்தாங்க. டாக்டர் என்னக்கா சொன்னார்ன்னான். அஞ்சு நாளா அவன் சரியாச் சாப்பிடல, எனக்குத் தெரியும்.

"அந்த ரெண்டும் மெஷின்லயே நசுங்கிப்போச்சாம்டா. நீ பறந்து வந்திருந்தாலும் ஒட்டியிருக்காதாம்."

அப்படியே தரையில உக்காந்து அழுதான். சின்னப் பிள்ளையில விழுந்து முட்டி உடைச்சுக்கிட்டப்போ அழுத மாதிரி அழுதான். வீட்டுக்காரர்கிட்டயும் நான் அதையேதான் சொல்லியிருக்கேன். அவர் இப்போ கட்டை விரலையும் மிச்ச ரெண்டு விரலையும் வச்சு டம்ளர் பிடிக்கிறார், பேனா பிடிக்கப் பழகுறார்.

தம்பி தினமும் சாயங்காலம் வந்து அவர்கூட உக்காந்துட்டுப் போறான். நான் அவனை எப்பவும் போலத் திட்டுறேன். சட்டை அழுக்குன்னு திட்டுறேன், நேரத்துக்குச் சாப்பிடலைன்னு திட்டுறேன், அந்தக் குழாயைத் தூக்கி வாத்தியாருக்குக் குடுத்ததையும் சொல்லித் திட்டுறேன். திடீர்னு நிறுத்தினா அவனுக்குத் தெரிஞ்சுபோயிரும்.