கழுத்தில் சம்பங்கி

ராஜ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததுமே கலைப்பிரியாவுக்கு மூக்கில் ஏறியது. சம்பங்கி வாசனை. விழுப்புரத்தில் டைல்ஸ் கடை மேனேஜராக இருக்கும் புருஷன், பொழுது சாய்ந்து திண்டிவனம் வீட்டுக்குச் சம்பங்கி மணக்க ஏன் வரவேண்டும்?

"என்னங்க, பூ வாசனை அடிக்குது?"

"கூட்டேரிப்பட்டுல ஒரு சாவு. மாலை வாங்கிக்கினு போய்ப் போட்டுட்டு வர்றேன்," என்றபடி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தான்.

மனுஷன் பொய் சொல்லலாம். இப்படி அரைகுறையாகச் சொல்லக் கூடாது. போன மாசம் பெரியம்மா சாவுக்குப் போய், அழுது முகம் வீங்கித் திரும்பிய அவளை, "தீட்டோட உள்ள வராத" என்று வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வைத்தவன் இவன்தான். இன்றைக்கு அந்தத் தீட்டு எங்கே போயிற்று?

அப்படியும் அந்தப் பொய் நிஜமாக இருந்துவிடாதா என்றுதான் அவளுக்கு ஏக்கமாக இருந்தது. ரெண்டு மாசமாக மனசை அரிக்கும் சந்தேகம் வீண் என்று தெரிந்தால், மயிலம் முருகனுக்கு முடியே கொடுத்துவிடுவாள். சட்டையை வாங்குகிற சாக்கில் கிட்டே போனாள்.

மாலை தூக்கிய கையில் வாசனை இல்லை. கழுத்தில் இருந்தது. மாலைச் சம்பங்கி என்றால் ஈர நாரும் கசங்கிய பச்சையும் சேர்ந்து அடிக்கும், சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். இது முதலில் தலைவலித் தைலம் போலச் சுரீரென்று ஏறியது. அப்புறம் பாலாடையாக வழுக்கி இறங்கி, கடைசியில் வேர்த்த உடம்புச் சூட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வெட்கங்கெட்ட வாசனை. மல்லிகைக்கு வந்து போகத் தெரியும். இது வந்த இடத்தில் குந்திக்கொள்ளும். விலை உயர்ந்த சென்ட். எவளோ காதோரம் தடவிக்கொண்டது இவன் கழுத்துக்கு வந்திருக்கிறது.

"சாவுக்குப் போய்ட்டுக் குளிக்காம உள்ள வந்துட்டீங்களே. எழுந்திரிங்க."

"ஆமால்ல... மறந்துட்டேன்."

பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! பேன்ட் சட்டையோடு கொல்லைப்புறம் போய் நின்றான். அவள் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினாள். ஈரம் பட்டதில் அந்த வாசனை இன்னும் கிளம்பியதே தவிர, போகவில்லை.

"யாருங்க செத்தது?"

"அது... நம்ம சீனுவாசனோட... சித்தப்பா. போதும்டி, குளிருது."

அவள் மிச்சத் தண்ணீரைப் பக்கெட்டோடு தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"இன்னாடி, பைத்தியமா? நீ எந்தச் சாவுக்குப் போன?"

புடவையெல்லாம் சொட்டச் சொட்ட அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தலமுழுவிட்டேன்," என்றாள். "உன்ன."