நபர் அ, நபர் ஆ, இடையாள்

மகளின் ஆய்வுப் பலகையைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பலகையோடு பள்ளி ஹாலில் நின்றார்கள். இந்தச் சர்வதேசப் பாடத்திட்டத்தில் பரீட்சை குறைவு. பிள்ளையே ஒரு கேள்வியைப் பிடித்து, ஆறு வாரம் தரவு சேர்த்து, அப்பா அம்மாவை நிற்கவைத்து விளக்க வேண்டும். பக்கத்துப் பையன் குழாயில் சொட்டி வீணாகும் தண்ணீரை அளந்திருந்தான். என் மகளின் கேள்வி: 'ஒரு வீட்டுக்குள் பேச்சு எப்படிப் பயணம் செய்கிறது?'

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். எண்களைப் பார்த்தால் எது அளவுக்கு மீறியிருக்கிறது என்று கண் தானாகத் தேடும். நபர் அ, நபர் ஆ இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்ட வாக்கியங்கள் ஏழு. இடையாள் வழியாகப் போய் வந்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு. கீழே சில மாதிரிகள். 'சாவி எங்கேன்னு கேளு.' 'இன்னைக்கு லேட்டாகும்னு சொல்லிடு.' சிரிப்பு அதோடு நின்றது. இரண்டாவது வாக்கியம் என்னுடையது. இரண்டடி தள்ளி நின்ற அவள் அம்மா, சாவி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குள் அப்படியொன்றும் பெரிய சண்டை இல்லை. போன வருடம் ஏதோ ஒரு வாக்குவாதம். யார் முதலில் பேசுவது என்கிற வீம்பில் நாள்கள் ஓடிவிட்டன. பிள்ளை நடுவில் இருந்ததால் வீடும் அது பாட்டுக்கு நடந்தது. அவள் முன்னால் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை என்று எனக்குப் பெருமைகூட உண்டு.

வகுப்பாசிரியை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பேரே போடலை பாருங்க சார். ஆய்வுல வர்றவங்க யாருன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கோம். எங்கிட்டகூட மூச்சு விடலை. யார் வீடுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலைங்க" என்றேன். அதே நொடியில் அவள் அம்மாவும் "தெரியலைங்க" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

மகள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஸ்கேலால் பலகையின் கீழ்க்கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். கண்டுபிடித்தால் மட்டும் போதாதாம், அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்றும் எழுத வேண்டுமாம். 'செயல்: இன்று மாலை முதல் இடையாள் எதையும் கொண்டுபோக மாட்டார்.' ஆசிரியை பச்சை மையில் எட்டுக்கு எட்டு போட்டிருந்தார்.

காரில் அம்மாவும் மகளும் வழக்கம்போலப் பின்சீட்டில். ஹாலில் இருந்த தூசியோ என்னவோ, மகளுக்கு இழுப்பு ஆரம்பித்திருந்தது. மூச்சு விடும்போது மெல்லிய விசில். அவள் அம்மா பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"காலியாயிடுச்சு. மருந்துக் கடையில நிறுத்தச் சொல்லு" என்றாள் மகளிடம்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத்தாம்மா. அப்பாகிட்ட சொல்லு."

எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. இடது பக்கம் கடையின் பச்சைப் பலகையும் தெரிந்தது. கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். போகவில்லை. என்னிடம் சொல்லட்டுமே, ஒரு தடவை என்னைப் பார்த்துச் சொல்லட்டுமே என்று உள்ளே ஏதோ ஒன்று அடம்பிடித்தது. கடை பின்னால் போனது. வெட்கமாக இருந்தது. அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் அம்மா என் பின்மண்டையைப் பார்த்து வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு மகளின் முதுகைத் தடவ ஆரம்பித்தாள். அடுத்த கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை அணைத்தேன். சத்தம் அடங்கியதும் அந்த விசில் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. மூன்று பேரும் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.