சுகயீன லீவில் வந்த தோழன்

ஜெர்மனியில் ஆகஸ்ட் மாத லீவை ஜனவரியிலேயே கேட்டுவிட வேண்டுமாம். எங்கள் ஆட்களோ மே மாதம் சாதகம் பார்த்து ஆகஸ்டில் கலியாணம் வைப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுப்பட்டவன் என் அண்ணன் வசீகரன்.

அங்கே ஒரு வயோதிபர் இல்லத்தில் அவனுக்குத் தாதி வேலை. வேலை இருக்கும்வரைதான் விசா. லீவு இல்லையென்று பொறுப்பாளர் கைவிரித்ததும், இடுப்பை அசைக்கவிடாத நாரிப்பிடிப்பு என்று டொக்டரிடம் சுகயீனத் துண்டு வாங்கிக்கொண்டு மொன்ட்ரியலுக்கு விமானம் ஏறிவிட்டான். அம்மா அப்பாவுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. என் பக்கத்தில் நிற்க அவன் ஒருவன்தான். டோர்வல் விமான நிலையத்தில் அவனைக் கண்டபோது எனக்குச் சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி.

பிடிபடுவதற்கு வழியும் இருந்தது. அதே இல்லத்தில் வேலை செய்யும் ஞானேந்திரன் அண்ணை, மாப்பிள்ளை லக்ஷனுக்குச் சொந்தம். சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். அவரும் லீவு கேட்டு, கிடைக்காமல், பேசாமல் அங்கேயே நின்றுவிட்டார். அண்ணன் அவருக்கும் நாரி நோ என்றே சொல்லியிருந்தான்.

யாழ்ப்பாணத்தில் அம்மா அப்பா பார்ப்பதற்காகக் கலியாணம் நேரலையில் போனது. ஞானேந்திரன் அண்ணையும் கட்டாயம் பார்ப்பார். அதனால் மாப்பிள்ளையின் கால் கழுவி மோதிரம் வாங்கும் தோழனாக என் ஒன்றுவிட்ட தம்பி பிரசாந் நிற்பதென்றும், அண்ணன் கமராவில் படாமல் மண்டபத்துச் சமையலறையில் இருப்பதென்றும் முடிவு செய்தோம். லக்ஷனுக்குத் தெரியும். அவருடைய தாய் சிவமலர் மாமிக்குச் சொல்லவில்லை. மாமியின் காதில் ஒன்று விழுந்தால் பக்கத்து நகரம் லொங்கேய்க்குப் போய், ரொறொன்ரோவையும் சுற்றிக்கொண்டுதான் திரும்பி வரும்.

காலையில் அலங்கார அறையில், தலை நிறையப் பூவோடு, போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மண்டப வாசலில் நிற்க, பிரசாந் செம்போடு குனிந்தான். மாமி குறுக்கே வந்தார். தண்ணீர் கேட்கச் சமையலறைக்குப் போனவர், அங்கே அண்ணனைக் கண்டிருக்கிறார்.

"சொந்தத் தமையன் அடுப்படியில நிக்க, ஆரோ வந்து கால் கழுவிறதோ? எங்களைப் பிடிக்கேல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

லக்ஷன் அவர் காதில் ஏதோ சொன்னார். நாதஸ்வரச் சத்தத்தில் அது ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் உள்ளே காலடி வைக்கவில்லை. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். வராதே அண்ணா, வராதே என்று நான் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தான். பிரசாந்திடம் செம்பை வாங்கி, நன்றாகக் குனிந்து, இரண்டு காலையும் கழுவினான். நாரிப்பிடிப்பு என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். லக்ஷன் அவன் விரலில் மோதிரத்தைப் போட்டார்.

திரையின் கீழே வாழ்த்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று:

"வசி, நாரி நோ சுகமோ? நான் உன்ர ஷிஃப்டிலதான் நிக்கிறன்."

அறைக்குள் வந்த அண்ணனிடம் அதைக் காட்டினேன். முகம் செத்துப்போனது. உடனே ஞானேந்திரன் அண்ணைக்குப் போன் எடுத்தான். அவர் ஏசவில்லை.

"உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டன். ஆனா அவை என்னட்டைக் கேட்டால் பொய் சொல்லவும் ஏலாது, வசி. எனக்கும் விசா இந்த வேலையிலதான்."

கேட்காமலும் விடலாம், பேசாமல் இரு என்று நான் கெஞ்சினேன். அண்ணையை இதில் மாட்டிவிட ஏலாது என்று அவன் தலையாட்டி மறுத்துவிட்டு, பொறுப்பாளருக்கு அழைத்தான். ஜெர்மன் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பேசினான், கனநேரம் கேட்டான், பிறகு போனை வைத்தான்.

"சொல்லிப்போட்டன். இனி வரவேண்டாமாம். கடிதம் வருமாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பொறுப்பாளர் மேல் கோபம், மாமி மேல் கோபம், நாள் குறித்தவர் மேலும் கோபம். மை கரைகிறது என்று சொல்லி, அண்ணன் தன் சால்வையால் என் கண்ணைத் துடைத்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தார். மகன் மொன்ட்ரியலில் நிற்பதே நேரலையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். சந்தோஷத்தில் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தம்பி, உன்ர பொறுப்பாளர் நல்ல மனிசன். கடைசி நேரத்திலயும் லீவு தந்திட்டார். நான் கும்பிட்டதெண்டு அவருக்குச் சொல்லு."

"ஓம் அம்மா," என்றான் அண்ணன். "சொல்லுறன்."