கடலை இல்லை

சோள மாவையும் அரிசி மாவையும் சேர்த்துப் பிசைந்து மெல்லிய தாளாக உருட்டுவார்கள். அப்படி நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெருவிரல் நகமளவு துண்டுகளாக வெட்டிப் பொரிப்பார்கள். மாவுக்குள் இருக்கும் ஈரம் எண்ணெயின் சூட்டில் ஆவியாகும். ஆவி வெளியே வர இடம் தேடும்; தாள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளும். வெட்டும்போது இரண்டு ஓரங்கள் நசுங்கி ஒட்டிவிடுவதால் துண்டு பிரிந்துபோகாது. நடுவில் ஊதி, சின்ன ஆமை ஓடு மாதிரி நிற்கும். ஒட்டாத மற்ற இரண்டு ஓரங்கள் வழியாகச் சுவைப்பொடி உள்ளே போய் ஒவ்வொரு அடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். கடித்தால் நான்கு சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடையும். அந்தச் சத்தம் காதுக்குக் காற்றால் மட்டும் வருவதில்லை, தாடை எலும்பாலும் வருகிறது. அதனால்தான் தின்பவருக்கு அது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதைவிடப் பெரிதாகக் கேட்கிறது.

இதை நான் ஒரு சனிக்கிழமையில் அறுபது தடவையாவது சொல்வேன். கொரியத் தின்பண்டங்களை இறக்குமதி செய்யும் சின்னக் கொம்பனி ஒன்றில் எனக்கு வேலை. கடை கடையாக மேசை போட்டு, ருசி பார்க்கக் கொடுப்பேன். சொல்லச் சொல்ல ஆட்களின் முகம் மாறும். அதைப் பார்க்கத்தான் நான் அந்த வேலையில் ஆறு வருடம் இருந்தேன்.

தர்ஷனாவுக்கும் அப்படித்தான் முகம் மாறியது. ஒன்பது வயது. நான் கொடுத்ததைத் தின்று, ஐந்து நாட்கள் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரத்தில் கிடந்தாள்.

அன்று வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில், யோகராணி அக்காவின் கடையில் மேசை போட்டிருந்தேன். நான்கு கிண்ணங்கள். முதலாவது சோளச் சூப் சுவை, எல்லோருக்கும் பிடித்தது. இரண்டாவது கறுவாவும் சீனியும். மூன்றாவது கடற்பாசி. நான்காவது வறுத்த சோயா மா தூவியது. அது இன்னும் விற்பனைக்கு வரவில்லை. மாதிரிப் பொதிகள் மட்டும்தான் வந்திருந்தன, பின்பக்கம் முழுக்கக் கொரிய எழுத்து. ஆங்கில லேபல் ஒட்டவில்லை. என்ன என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் ஈமெயிலில் வந்திருந்தது. அதை மனப்பாடம் செய்திருந்தேன். ஆங்கிலத்தில் பேசிய பெரியவர்கள் எல்லோருக்கும், கேட்காமலே, நாலாவதில் பீநட் இருக்கிறது என்று சொன்னேன். தமிழில் பேசியவர்களுக்குக் கச்சான் இருக்கிறது என்று சொன்னேன்.

பத்தரை மணியளவில் நெற்போல் விளையாட்டு முடிந்து மூன்று பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தர்ஷனாவின் அம்மா நாகலட்சுமி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"ஸோ, இற்ஸ் ஃபோர் சிப்ஸ் இன் வன்?" என்று தர்ஷனா கேட்டாள்.

ஓம் என்று சொல்லி, ஒன்றை நடுவில் உடைத்து அடுக்குகளைக் காட்டினேன். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, இடைவெளி வழியாகத் தன் சிநேகிதிகளைப் பார்த்தாள்.

"இந்தக் கறுவான்னா என்னங்க?" என்று நாகலட்சுமி கேட்டாள்.

"சினமன்."

"ஓ, பட்டை. நீங்க பட்டைன்னு சொல்ல மாட்டீங்களா?"

"எங்களுக்குப் பட்டை எண்டா மரத்தில உரிக்கிறது."

"இதுவும் மரத்துல உரிக்கிறதுதானேங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காசு வாங்கும் இடத்திலிருந்து யோகராணி அக்கா, "சுபாங்கன், இண்டைக்கு நீ மாட்டினாய்," என்றா.

நாகலட்சுமியும் சிரித்தாள். பிறகு பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, மேசைக்கு மேலாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கடலை கிடலை எதுலயும் இல்லல்ல?"

"கடலை ஒண்டிலயும் இல்லை," என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிற்க எனக்கு வராது. "முதல் மூண்டும் சோளம், அரிசி, சீனி, உப்பு. நாலாவதில வறுத்த சோயா மாவும், கொஞ்சம் கச்சான் மாவும். அவ்வளவுதான்."

"கச்சான்..." என்று அவள் தொடங்கினாள்.

பின்னால் நின்ற அங்கிள் ஒருவர் கையை நீட்டினார். "தம்பி, கதையைக் குறைச்சுப்போட்டுத் தாரும். எனக்கு ரெயின் போகப் போகுது."

"சரிங்க," என்றாள் நாகலட்சுமி. ஏற்கெனவே ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டு வரிசையை மறித்துவிட்டோம் என்ற கூச்சம் அவள் முகத்தில் தெரிந்தது. மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். தர்ஷனா நாலாவது கிண்ணத்திலிருந்து இரண்டு எடுத்தாள். பிறகு இன்னும் ஒன்று.

திங்கட்கிழமை காலை யோகராணி அக்கா போன் எடுத்து, உடனே வரச் சொன்னா. கடையில் நகரசபையின் உணவுப் பரிசோதகர் ஒருத்தி நின்றாள். அமைதியாகப் பேசினாள். சனிக்கிழமை இங்கே தின்ற பிள்ளைக்குக் கடுமையான ஒவ்வாமை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நிலைமை நல்லாயில்லை. தாய் உங்களிடம் கேட்டாரா?

கேட்டார் என்றேன். என்ன கேட்டார்?

கடலை இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன், உண்மையில் இல்லை என்றேன். கடலை என்றால் என்ன என்று அவள் கேட்டாள். சிக்பீ என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். அதற்கு மேலதிகமாகப் பீநட் இருப்பதையும் நானாகவே சொன்னேன் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

யோகராணி அக்கா என் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தா.

"நீ அந்தத் தாய்க்குப் பீநட் எண்டு சொன்னனியோ, கச்சான் எண்டு சொன்னனியோ?"

"தமிழில கேட்டவா. கச்சான் எண்டு சொன்னனான்."

"எட, இந்தியாக்காரர் கச்சானைத்தானே கடலை எண்டுறவை."

கடைக்குள் பருப்பு வகைகள் அடுக்கியிருந்த அலுமாரித் தட்டை அவ காட்டினா. வருடக்கணக்காக நான் கடந்துபோன தட்டு. கச்சான் பொதிக்குக் கீழே அவவின் கையெழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: கச்சான், வேர்க்கடலை. கடலைப் பொதிக்குக் கீழும் இரண்டு: கடலை, கொண்டைக்கடலை. இந்தியாக்காரர் வந்து மாறி எடுத்துக்கொண்டு போனதால் எழுதி வைத்ததாகச் சொன்னா. எங்கள் கடலை அவர்களுக்குக் கொண்டைக்கடலை. அவர்களின் கடலை எங்களுக்குக் கச்சான். கச்சான் என்ற சொல்லே அவர்களிடம் இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வரும். அன்றும் அது ஒரு கணம் வந்தது. அதை நான் எப்போதைக்கும் மறக்கப் போவதில்லை.

புதன்கிழமை மத்தியானம் வெஸ்ட்மீட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்று கொம்பனியில் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளி நடையில் நாகலட்சுமி தனியாக ஒரு கதிரையில் இருந்தாள். நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியுது," என்றாள். "உக்காருங்க."

இருந்தேன். கணவர் கிரண் கீழே சொந்தக்காரருடன் போனில் பேசப் போயிருப்பதாகச் சொன்னாள். மூளை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது சோதனை மூன்று மணிக்கு என்றாள். காலையில் செய்த முதலாவதில் ஒன்றும் தெரியவில்லையாம்.

"டாக்டர் ரெண்டு வாட்டி சொன்னார். எனக்குக் காதுல ஏறல. நீங்க நல்லா வெளக்குவீங்களே. அதுல என்னதான் பாக்கறாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு இரவுகள் அதைத்தான் வாசித்திருந்தேன்.

"மிசின் காத்தைத் தள்ளுறதை நிப்பாட்டுவினம்," என்றேன். "ஒட்சிசன் மட்டும் ஒரு குழாயால போய்க்கொண்டிருக்கும். மூச்சு விடாட்டி ரத்தத்தில கரியமில வாயு கூடும். மூளையின்ர அடியில ஒரு இடம் இருக்கு. அந்த வாயு கூடக் கூட, 'மூச்சை எடு' எண்டு அது நெஞ்சுக்குச் சொல்லும். நித்திரையிலயும் சொல்லும், மயக்கத்திலயும் சொல்லும். அது சொல்லுதோ எண்டுதான் எட்டு, பத்து நிமிசம் பாத்துக்கொண்டு நிப்பினம். நெஞ்சு ஒருக்கா அசைஞ்சாலும் போதும்."

"காலைல அசையல."

"ஓம்."

"இப்ப ஏறி இறங்குதே. அவ கைய புடிச்சுட்டு பாத்துட்டே இருந்தேன். ஏறி இறங்குது."

"அது மிசின் தள்ளுறது, அக்கா."

அவள் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு, "புரியுது," என்றாள். "இப்பதான் புரியுது."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கடலை, கொண்டைக்கடலை, கச்சான், எல்லாவற்றையும்.

"கச்சான்னா உங்க ஊர்ல சோளத்துக்குப் பேருன்னு நெனச்சேன்," என்றாள் முடிவில். "வேற என்னவா இருக்கும், சோளச் சிப்ஸ்ல? இங்கிலீஷ்ல கேட்டிருப்பேன். எப்பவும் இங்கிலீஷ்லதான் கேப்பேன். போன மாசம் அவ அழுதா. எல்லார் முன்னாடியும் அலர்ஜி அலர்ஜின்னு கத்தாதம்மா, ஃப்ரெண்ட்ஸெல்லாம் என்னை பேபின்னு கிண்டல் பண்றாங்கன்னு. சரி, இனி தமிழ்ல கேக்கறேன், யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன்."

அவள் குரல் உயரவில்லை.

"கார்ல இருமுனா. அவளுக்கு வீஸிங்கும் இருக்கு. கடலைதான் இல்லையே, அப்ப இது வீஸிங்தான்னு பஃப் குடுத்தேன். அலர்ஜி ஊசி பையில இருந்துது. என் மடியில இருந்துது அந்தப் பை. பஃப் குடுத்துட்டு, இன்னொரு பஃப் குடுத்துட்டு, தடிப்பு வந்தப்புறம்தான் ஊசி போட்டேன். பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிடத்தை அவளுடைய கையிலிருந்து பிடுங்கியது என் வாய். அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்பதாகவோ ஓம் என்பதாகவோ தெரியவில்லை.

"என் வீட்டுக்காரருக்கு ஊசி விஷயம் தெரியும். ஏன் லேட்டுன்னு கேக்கறார். கடைக்காரர் இல்லைன்னு சொன்னார், நம்பிட்டேன்னு சொல்லியிருக்கேன். கச்சான்னு நீங்க சொன்னதை நான் சொல்லல." முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "நீங்களும் சொல்லாதீங்க. தெரியாத வார்த்தை ஒண்ணு காதுல விழுந்துது, என்னன்னு கேக்காம புள்ளைக்கு சாப்பிடக் குடுத்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சா, அப்புறம் நான் எங்க போவேன்?"

கச்சான் இருக்கிறது என்று நான் சொன்னேன் என்பது மட்டும்தான் எனக்கு மிஞ்சியிருந்தது. பரிசோதகரின் தாளில் அது எழுதப்பட்டும் இருந்தது. அதை மாற்றலாம் என்று நினைத்தேன்.

"சரி," என்றேன்.

கிரண் நடையின் மறுமுனையிலிருந்து வந்தார். உயரமான மனிதர், சேர்ட்டின் பொத்தான்களை மாறிப் பூட்டியிருந்தார்.

"யாரு?"

"கடையில இருந்தவர்," என்றாள் நாகலட்சுமி.

நான் எழுந்து நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இவ கேட்டாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"கேட்டவா. வடிவாக் கேட்டவா."

"நீங்க?"

"இல்லை எண்டு சொன்னனான்."

"இருக்குன்னு சொல்லவேயில்ல."

நாகலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேல்லை," என்றேன்.

கிரண் கோபப்படவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய தோளைப் பிடித்தார். "நாலு நாளா சொல்றேன். கேட்டியா? உன் தப்பு இல்ல. அவரே சொல்றார் பாரு."

அவள் தலையசைத்தாள். அவருடைய கைக்குள் அவளுடைய தோள் இறுகியதை நான் பார்த்தேன். இனி அவர் எத்தனை தடவை அப்படிச் சொன்னாலும், அத்தனை தடவையும் அது அப்படித்தான் இறுகும்.

மூன்று மணிக்கு வைத்தியர் வந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நான் நடையிலேயே நின்றேன். எட்டு நிமிடம் போனது. பத்து போனது. இருபதாவது நிமிடத்தில் கிரண் மட்டும் வெளியே வந்து, "அசையல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போய், சுவரைப் பார்த்தபடி நின்றார். சாத்தாமல் விட்ட கதவின் வழியே நாகலட்சுமியின் குரல் வந்தது. மகளோடு பேசிக்கொண்டிருந்தாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. எல்லாம் ஆங்கிலத்தில்.